பழைய குழாய்க்கு மறுபடியும் குரல் வருமா?

மதுரைச் சீமையில் கல்யாண வீடு எது என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு காலம் இருந்தது. சத்தம் வரும் திசையைப் பார்த்து நடந்தால் போதும். புளிய மரத்தின் உச்சியில் இரண்டு குழாய்கள் கட்டியிருக்கும். ஒன்று கிழக்கே பார்க்கும். மற்றொன்று மேற்கே பார்க்கும். குழாய் பாடத் தொடங்கினால், "இன்ன ஊரில் விசேஷம்" என்று சுற்று வட்டாரத்துக்கே தெரிந்துவிடும்.

காதுகுத்தா? சடங்கா? முளைப்பாரியா? தேர்தல் கூட்டமா? எதுவானாலும் முதலில் ஆள் அனுப்புவது மைக்செட்காரருக்குத்தான். பந்தல்காரர்கூட அவருக்குப் பிறகுதான்!

அந்தக் குழாய்கள் இன்று எங்கே?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் அவை பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் தூங்குகின்றன. சில, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. "பாட்டன் வாங்கியது, விற்க மனம் இல்லை" என்று துணி சுற்றி வைத்திருப்பவர்களும் உண்டு.

"ரிப்பேர் செய்து வைக்கலாமே!" என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும்.

"கெட்டது கெட்டதுதான். இனி அதற்குச் சாமான் கிடைக்காது" என்பது ஒரு பதில்.

"சரி செய்து என்ன லாபம்? கட்டினால் போலீசார் கழற்றச் சொல்வார்களே!" என்பது இன்னொரு பதில்.

இரண்டும் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன? அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குழாய் வந்த கதை

கூட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கி வைத்துப் பேசும் வழக்கத்துக்கு வயது நூறுக்குச் சற்று மேல்தான். அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்று இரண்டு பேர் இருந்தார்கள். 1915-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் பெருங்கூட்டம் கூடியது. அந்தக் கூட்டம் முழுவதும் கேட்கும்படி பேச்சையும் பாட்டையும் அவர்கள் ஒலிபரப்பிக் காட்டினார்கள். அவர்கள் வைத்ததும் குழாய்தான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1925-ல், செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இரு எஞ்சினீயர்கள் காகிதக் கூம்பு வைத்த ஒலிபெருக்கியின் விவரத்தை வெளியிட்டார்கள். ரேடியோப் பெட்டிக்குள் இருக்கிறதே, "கோன்" என்கிறோமே, அது இந்த வம்சம். ஆகவே குழாய் அண்ணன், கோன் தம்பி.

நம் நாட்டில், சென்னை நகரசபை 1930-ல் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. அப்போது வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் 1938-லும், திருச்சியில் 1939-லும் தொடங்கின. பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தின் மேல் ஒரு குழாய் இருக்கும். சாயங்காலம் ஆனால் ஊரே திண்ணையில் கூடிச் செய்தி கேட்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தக் குழாய்தான் பத்திரிகை! மழை வருமா, நெல் விலை என்ன, மந்திரி என்ன சொன்னார் — எல்லாம் குழாய் சொல்லிக் கேட்டவைதான்.

1940-ல் தொடங்கிய டெல்லி "அகுஜா" கம்பெனியின் பெயர் தமிழ்நாட்டு மைக்செட்காரர்களுக்கு மனப்பாடம். ஆம்ப்ளிபயர், மைக், யூனிட் என்று அந்தப் பெயர் இல்லாத செட்டைப் பார்ப்பது அரிது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? பரணில் கிடப்பது வெறும் தகரம் அல்ல என்பதற்காகத்தான். ஆனால் பழசு என்பதற்காக மட்டும் ஒரு சாமானுக்குப் பணம் செலவழிக்க முடியாது. அது உண்மையிலேயே பிழைக்குமா என்று பார்க்க வேண்டும்.

சத்தம் எப்படி வருகிறது?

ஒலிபெருக்கிக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மூன்றே பொருள்கள். ஒரு காந்தம். ஒரு கம்பிச் சுருள். ஒரு மெல்லிய தகடு.

காந்தத்தில் மெல்லிய வட்டமான இடுக்கு ஒன்று இருக்கும். கம்பிச் சுருள் அந்த இடுக்குக்குள் எதையும் தொடாமல் நிற்கும். ஆம்ப்ளிபயரிலிருந்து மின்சாரம் வந்தால் சுருள் முன்னும் பின்னும் ஆடும். சுருளோடு ஒட்டியிருக்கும் தகடும் ஆடும். தகடு காற்றைத் தள்ளும். அதுதான் சத்தம்.

சுருளைத் தொழிலில் "காயில்" என்பார்கள். குழாயின் பின்னால் திருகி மாட்டும் உருண்டைக்கு "யூனிட்" என்று பெயர். யூனிட்டுக்குள் இருக்கும் தகடு "டயாப்ரம்".

தூரத்தில் போகிறவனைக் கூப்பிடும்போது வாயருகே இரு கைகளையும் குவிக்கிறோம் அல்லவா? குழாய் செய்வதும் அதே வேலைதான். சாதாரண கோன் ஒலிபெருக்கி, வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான் சத்தமாக்கும். மீதி சூடாகப் போய்விடும். நல்ல குழாய் அதைப் போலப் பல மடங்கு சத்தம் தரும். மின்சாரமே எட்டாத ஊரிலும், பாட்டரியை வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் கேட்க வைத்தது இந்தச் சிக்கனம்தான்.

இந்தச் சிக்கனமே பின்னால் வினையாகவும் முடிந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

கெட்டது எது?

"ஸ்பீக்கர் போய்விட்டது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் முழு ஸ்பீக்கரும் ஒரே நாளில் போவது இல்லை. ஏதோ ஒரு பாகம் போகிறது. மற்றவை நன்றாகவே இருக்கின்றன.

குழாய்க்கு ஆயுள் அதிகம். அலுமினியத் தகடு நசுங்கினால் தட்டி எடுக்கலாம். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தால் சுத்தம் செய்யலாம். காந்தமும் லேசில் சாகாது. சாவது பெரும்பாலும் காயிலும் டயாப்ரமும்தான்.

ஏன்? இரண்டு காரணங்கள்.

ஒன்று, சூடு. சின்ன ஆம்ப்ளிபயரை முழு மூச்சாகத் திருகி வைத்தால் சத்தம் உடைந்து, கரகரவென்று வரும். அந்தக் கரகரப்பு காயிலைச் சுட்டுவிடும். கம்பி அறுந்தால் குழாய் ஊமை.

இரண்டாவது, இந்தக் காலத்துப் பாட்டு! பழைய யூனிட் பேச்சுக்கும் நாதசுரத்துக்கும் பழைய பாட்டுக்கும் செய்யப்பட்டது. "திம் திம்" என்று வயிற்றில் அடிக்கும் கனத்த தாளத்தை அதற்குள் அனுப்பினால் டயாப்ரம் அளவுக்கு மேல் துள்ளும், கிழியும். கிழவரைத் தூக்கிக் கபடிக் களத்தில் விட்ட கதைதான்.

வீட்டில் இருக்கும் பழைய கோன் ஸ்பீக்கருக்கு நோய் வேறு. காகிதம் கிழியும். எலி கடிக்கும். கோனின் ஓரத்தில் வளையம் ஒன்று இருக்கும். 1970-க்குப் பிறகு வந்த பல ஸ்பீக்கர்களில் அந்த வளையத்தைப் பஞ்சு போன்ற நுரைப் பொருளில் செய்தார்கள். காற்றில் இருக்கும் ஈரம் பட்டுப் பட்டு, பத்து இருபது ஆண்டுகளில் அது தானாகவே உதிரும். யாரும் தொட வேண்டியதே இல்லை. துணியில் செய்த வளையம் அதைவிட நெடுங்காலம் உழைக்கும்.

சோதிப்பது எப்படி?

கழற்றுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது நல்லது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம்.

டார்ச்சு விளக்கில் போடும் 1.5 வோல்டு பாட்டரியின் இரு முனைகளையும், ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். "டிக்" என்று சத்தம் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கலாம்.

மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர், மீட்டரில் 6 அல்லது 7 காட்டும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதுதான் சரியான கணக்கு. முள் அசையவே இல்லை என்றால்தான் கவலை.

கோன் ஸ்பீக்கரானால், விரல்களை வட்டமாக வைத்து, கோனை மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். "சரசர" என்று உரசினால் காயில் இடுக்கில் தட்டுகிறது என்று அர்த்தம்.

மைக்செட்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீண்ட தூரம் ஒயர் இழுத்துப் பல குழாய்கள் கட்டும்போது, ஒவ்வொரு குழாயோடும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். பல நேரங்களில் அதுதான் போயிருக்கும். பழி மட்டும் யூனிட்டின் மேல் விழும்! அந்த லைனில் 100 வோல்டு வரை ஓடும். ஆகவே ஆம்ப்ளிபயரை நிறுத்தாமல் கை வைக்கக் கூடாது.

எதை மாற்றலாம்? எதைத் தொடக் கூடாது?

யூனிட்டின் டயாப்ரமும் காயிலும் ஒன்றாகச் சேர்ந்தே கடையில் கிடைக்கும். பின் மூடியின் திருகாணிகளைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் காந்தத்தின் இடுக்கு மிகக் குறுகலானது. ஓர் இரும்புத் துகள் உள்ளே இருந்தாலும் புதிய காயில் உரசிக் கெடும். துணியால் துடைத்தால் போகாது, காந்தம் விடாது. ஒட்டும் டேப்பை மடித்து உள்ளே விட்டுத் துகளை எடுப்பார்கள் கைதேர்ந்தவர்கள்.

கோனில் சின்னக் கிழிசல் என்றால், மெல்லிய காகிதத்தை வெள்ளைப் பசையால் ஒட்டலாம். கல் போல இறுகும் பசை கூடாது. கோன் வளைய வேண்டும். நுரை வளையம் உதிர்ந்திருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். கோனுக்காக முழு ஸ்பீக்கரையும் தூக்கிப் போட வேண்டாம்.

காயில், கோன், இரண்டும் போனால்? அப்போது புதிதாகக் "கோன் கட்ட" வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. காயிலின் குறுக்களவு, உயரம், ஓம் அளவு, கோனின் ஆழம், எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கிடைத்ததைப் போட்டால் சத்தம் வரும். பழைய குரல் வராது. இரட்டையாக இருக்கும் ஸ்பீக்கர்களில் ஒன்றுக்குக் கோன் கட்டினால் மற்றதற்கும் கட்டுவதே முறை. இல்லாவிட்டால் ஒரு காதில் இளையராஜாவும் மறு காதில் ஜலதோஷம் பிடித்த இளையராஜாவும் கேட்பார்!

தொடவே கூடாத இடங்களும் உண்டு.

முதலாவது, பழைய காந்தம். அக்காலத்து நல்ல ஸ்பீக்கர்களில் "அல்னிகோ" காந்தம் இருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு மூன்றும் இரும்போடு சேர்ந்த கலவை அது. அதைப் பிரித்து எடுத்தாலே வலு குறைந்துவிடும். கோபால்ட்டு பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருவது. 1978-ல் அங்கே கலவரம் மூண்டு விலை ஏறியது. ஸ்பீக்கர் கம்பெனிகள் பலவும் விலை குறைந்த பெரைட்டு காந்தத்துக்கு மாறிவிட்டன. ஆகவே பழைய அல்னிகோ காந்தத்தைக் கெடுத்துவிட்டால் அதே போல இன்னொன்று தேடுவது பெரும்பாடு.

இரண்டாவது, மிகப் பழைய வால்வு ரேடியோ. அவற்றில் சில ஸ்பீக்கர்களுக்கு நிரந்தரக் காந்தமே கிடையாது. மின்சாரம் பாய்ந்தால்தான் காந்தமாகும் பெரிய சுருள் ஒன்று இருக்கும். அந்தச் சுருள் ரேடியோவின் மின்சாரத்தைச் சீர்ப்படுத்தும் வேலையையும் சேர்த்துச் செய்யும். அது தெரியாமல் ஸ்பீக்கரை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டினால் ரேடியோவே கெடும். அதில் சில நூறு வோல்டு ஓடும். விளையாட்டு அல்ல, உயிருக்கே ஆபத்து. ஸ்விட்சை நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். சிறுவர்கள் கை வைக்க விடாதீர்கள்.

ஆக, முதல் பதிலின் மீதிப் பாதி இதுதான்: கெட்டது ஒரு பாகம். அந்தப் பாகம் கிடைத்து, கையும் தேர்ந்ததாக இருந்தால், பழைய குழாய் பிழைக்கும்.

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சர்க்கார் 2000-ம் ஆண்டில் ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் வைக்கவே கூடாது. திருவிழா போன்ற விசேஷங்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், இரவு 12 மணி வரை மாநில சர்க்கார் விலக்கு அளிக்கலாம்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. கடைவீதியில் பகலில் 65, இரவில் 55. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த எல்லையில் சத்தம் வட்டாரத்து அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. எப்படியானாலும் 75-ஐத் தாண்டக் கூடாது.

2005-ம் ஆண்டு ஜூலை மாதம் சுப்ரீம் கோர்ட்டு இந்த விஷயத்தில் முக்கியமான தீர்ப்பை அளித்தது. பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கேட்க விரும்பாதவனின் காதில் பலவந்தமாகத் திணிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இதுவே தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாட்டில் போலீசார் கொடுக்கும் அனுமதிக் கடிதங்களில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும். "கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும்" என்பதே அது. நம் குழாய்தான் அந்தக் கூம்பு வடிவம்! குழாய்கள் பரணுக்குப் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

வடிவமா? அளவா?

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். விதி அளவைப் பற்றிப் பேசுகிறது. அனுமதிக் கடிதம் வடிவத்தைப் பற்றியும் பேசுகிறது.

குழாயின் மேல் வந்த புகார் நியாயமானதே. குறைந்த மின்சாரத்தில் அது சத்தத்தை ஒரே திசையில் வெகுதூரம் தள்ளும். மனிதக் காது எந்தச் சத்தத்துக்கு அதிகமாகக் கூசுமோ, அந்தக் கூர்மையான சத்தமே அதில் தூக்கலாக வரும். நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அது எவ்வளவு தொல்லை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் பெட்டி வடிவம் என்றால் அமைதி என்று யார் சொன்னது? ஆளுயரப் பெட்டிகளை லாரியில் அடுக்கி, ஆயிரக்கணக்கான வாட்டு கொடுத்தால் வீட்டு ஜன்னலே அதிருகிறது. வடிவத்தில் அது சட்டப்படி சரி. அளவிலோ, பழைய குழாயை எங்கேயோ தள்ளிவிடுகிறது.

போலீசார் தரப்பிலும் நியாயம் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொரு தெருவிலும் மீட்டர் பிடித்து அளக்க ஆள் எங்கே? குழாய் என்றால் கண்ணாலேயே தெரிகிறது. பார்த்ததும் கழற்றச் சொல்லலாம். ஆகவே வடிவத்தைத் தடுப்பது எளிது. அளவைத் தடுப்பதே கடினம்.

எளிதானது நடந்துவிட்டது. கடினமானது பாக்கி இருக்கிறது. ஜனங்களின் தூக்கத்தைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், பெட்டியானாலும் குழாயானாலும் மீட்டர் வைத்து அளப்பதே முறை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நிபந்தனை, அந்தந்த நிகழ்ச்சியில் எதைக் கட்டலாம் என்பதைப் பற்றியது. பழைய குழாயை வீட்டில் வைத்திருப்பதற்கோ, ரிப்பேர் செய்வதற்கோ அது குறுக்கே நிற்கவில்லை. கூடத்தில் வைத்து, அந்த அறைக்கு மட்டும் கேட்கும்படி பாட வைத்தால் அடுத்த வீட்டுக்காரரும் கோபிக்க மாட்டார்.

"பழுது பார்க்கும் உரிமை"

இப்போது நாடு முழுவதும் அடிபடும் ஒரு பேச்சு, பழுது பார்க்கும் உரிமை. பணம் கொடுத்து வாங்கிய பொருளை, விரும்பிய இடத்தில் ரிப்பேர் செய்துகொள்ள வாங்கியவருக்கு வழி இருக்க வேண்டும். அதற்கான பாகங்களும் விவரங்களும் கிடைக்க வேண்டும். அதுதான் இதன் பொருள்.

இதற்காக மத்திய சர்க்காரின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இதற்கென இணையதளம் ஒன்றையும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

நல்ல காரியம். ஆனால் நம் பழைய குழாய்க்கு இதனால் எவ்வளவு பலன்?

கம்பெனி இன்றும் நடந்தால்தான் அதனிடம் பாகம் கேட்க முடியும். பழைய ரேடியோ, ஸ்பீக்கர் செய்த கம்பெனிகள் பல மூடப்பட்டுவிட்டன. சில, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டன. அவற்றிடம் உரிமை கேட்டு என்ன பயன்?

இன்னொரு பக்கம் மின்னணுக் கழிவு விதிகள். 2022-ல் வெளியான இவை 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நடப்பில் இருக்கின்றன. கெட்ட சாதனங்களைப் பிரித்து, உலோகத்தை மீட்டு, மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்று அவை சொல்கின்றன. இதுவும் தேவையானதே. ஆனால் உருக்குவதற்கும் பிழைக்க வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு யூனிட்டை உடைத்தால் கிடைப்பது கொஞ்சம் செம்பு, கொஞ்சம் இரும்பு. டயாப்ரம் மாற்றினால் கிடைப்பது முழு யூனிட்!

ஆகவே பழைய ஸ்பீக்கரைக் காப்பாற்றுவது டெல்லி உத்தரவு மட்டும் அல்ல. மூலைக்கடையில் உட்கார்ந்து காயில் சுற்றும் மனிதரும்தான்.

கை போய்விட்டால்?

மெய்யான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பாகம் இல்லாவிட்டால், அளவெடுத்துக் காயில் சுற்றிக்கொள்ளலாம். காகிதக் கோன் இல்லாவிட்டால் அருகில் ஒத்து வருவதைத் தேடலாம். சுற்றத் தெரிந்த கை இல்லாவிட்டால்?

இந்த வேலை பெரும்பாலும் புத்தகத்தில் படித்து வந்தது அல்ல. கடையில் பையனாகச் சேர்ந்து, திருகாணி எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்துப் பழகியது. விரலால் அழுத்தி, "இது காயில் உரசல்; இது ஒயர் அறுந்தது" என்று சொல்வது அனுபவத்தில் வருவது. இன்று புது ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கிறது. கெட்டால் தூக்கிப் போடுகிறோம். ரிப்பேர் கடைக்கு வேலை குறைகிறது. வேலை குறைந்தால் பையன் வந்து சேர மாட்டான். பையன் சேராவிட்டால் வித்தை அந்தக் கடைக்காரரோடு முடியும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு. மதுரை கோ.புதூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நாட்டின் தொழிற்பயிற்சித் திட்டத்தில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் என்ற பிரிவும் இருக்கிறது. காயில் சுற்றுவது, கோன் கட்டுவது, யூனிட் பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குச் சில வாரப் பயிற்சி வைத்தால் என்ன? கைதேர்ந்த பழைய தொழிலாளர்களையே அழைத்து வந்து, சம்பளம் கொடுத்துச் சொல்லித் தரச் சொன்னால் என்ன?

பழைய குழாய்க்கு மட்டும் இந்த வேலை தேவை என்று நினைக்க வேண்டாம். கோவில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், பஸ் நிலையம், ரெயில் நிலையம் எல்லா இடத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறது. பொங்கல் வந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலில் மாட்டின் பெயரும் பரிசும் சொல்ல ஒலிபெருக்கி வேண்டும். சித்திரையில் அழகர் வைகைக்கு வரும்போது, கூட்டத்தில் காணாமற்போன குழந்தையின் பெயரைச் சொல்லி அழைக்கவும் அதுதான் வேண்டும். அது அந்த நேரத்தில் ஊமையாகிவிட்டால்? சரி செய்யத் தெரிந்த ஆள் அருகில் இருப்பது ஊருக்கே பாதுகாப்பு.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய குழாயோ, ரேடியோவோ, ஸ்பீக்கரோ இருந்தால் அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். முதலில் சோதித்துப் பாருங்கள். எந்தப் பாகம் கெட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "என்ன மாற்றப் போகிறீர்கள்? எத்தனை ஓம்? எத்தனை வாட்டு?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் திருப்பி வாங்கி வையுங்கள். பின்னால் அளவு பார்க்க உதவும்.

கூலி, புதுச் சாமானின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். தொழிலுக்கு என்றால் புதியது வாங்குவதே லாபமாக இருக்கலாம். தாத்தாவின் நினைவுக்கு என்றால் கணக்கு வேறு. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரியான பிறகு, அளவோடு பாட விடுங்கள். குழாய் கெட்ட பெயர் எடுத்ததற்குக் குழாய் காரணம் அல்ல. ஆம்ப்ளிபயரின் குமிழை முழுவதும் திருகிய கைதான் காரணம். யூனிட்டின் காயிலைச் சுட்டதும் அதே கை. பக்கத்து வீட்டு நோயாளியின் தூக்கத்தைக் கெடுத்ததும் அதே கை.

அந்தக் கை கொஞ்சம் அடங்கினால் குழாயும் பிழைக்கும். பக்கத்து வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.